பதினேழாம் ஆணி

செப்டம்பர் 29, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்துவிட்டதா? கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அண்ணனிடம். போன நோட்டைச் சாப்பாட்டு நேரத்தில் என் குரலிலேயே படித்துக் காட்டினான். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா அவர் தலையைத் தட்டிக்கொண்டே, "இதையெல்லாமா எழுதி வைப்பே?" என்று என்னைக் கேட்டாள். அம்மாவைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருந்தேன்.

அதனால் இனிமேல் கீழே வந்து எழுதப்போகிறேன். மேலே எங்கள் வீடு. கீழே படகுத்துறை அலுவலகம். அதற்குப் பக்கத்தில், வாசலையொட்டி, லைஃப் ஜாக்கெட் உலர்த்தும் அறை. தலையில்லாத ஆட்கள் வரிசையாக நிற்கிற மாதிரி நூறு ஜாக்கெட் தொங்குகின்றன. நனைந்த நாய் வாடை. "கீழே அமைதியா இருக்கு, படிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு என்றால் எதை வேண்டுமானாலும் நம்புகிறார்கள்.

சனிக்கிழமை ஏரியில் வாணவேடிக்கை. வருடத்துக்கு ஒரே முறை. இந்த வாரம் முழுக்க அப்பாவின் கண்ணில் படாமல் இருப்பது நல்லது.

அக்டோபர் 1, புதன்

இன்று ஆரஞ்சு உருண்டைகள் கட்டிய கயிற்றை ஏரியில் வளைத்துப் போட்டார்கள். நடுவில் இரும்பு மிதவை நிற்கும், அதிலிருந்துதான் வெடிப்பார்கள். கயிற்றுக்கு உள்ளே எந்தப் படகும் போகக்கூடாது. அப்பா துறை மேலாளர். படகோட்டிகளை வரிசையில் நிறுத்தி, வருடா வருடம் சொல்வதையே சொன்னார்: "கயித்தைத் தாண்டினா மேல இருந்து நெருப்பு விழும். அதுல தப்பிச்சா நான் வந்து மேல விழுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்." எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த நாள் படகு கிடைக்காது.

என் வேலை பலகை. முப்பத்திரண்டு படகு, முப்பத்திரண்டு ஆணி. ஒவ்வொரு படகுக்கும் எண் அடித்த தகர டோக்கன் ஒன்று. படகு கிளம்பும்போது படகோட்டி டோக்கனை எடுத்துக்கொண்டு போவார். திரும்பியதும் என் கையில் போடுவார். நான் ஆணியில் மாட்டுவேன். எல்லா ஆணியும் நிறைந்தால் ஏரியில் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். அப்போதுதான் கம்பத்தில் பச்சை விளக்கை ஏற்றுவேன். அதைப் பார்த்த பிறகுதான் மீட்புப் படகு கரைக்கு வரலாம். அதுவரை கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேடிக்கை முடிந்த பிறகுதான் ஆபத்து அதிகம் என்பார் அப்பா. ஏரியெல்லாம் புகை, கண்ணெல்லாம் கூசிப்போயிருக்கும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போகவேண்டும்.

மீட்புப் படகை ஓட்டுவது அண்ணன். வருடத்தில் அந்த ஒரு ராத்திரி அவன் என் விளக்குக்காகக் காத்திருக்க வேண்டும். எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

மேசை இழுப்பறையில் இன்னொரு செட் டோக்கன் உண்டு. எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. சில படகுகள் எதிர்க்கரையிலேயே ஆட்களை இறக்கிவிட்டு, அங்கேயே கட்டிக்கொள்ளும். டோக்கன் காலையில்தான் வரும். அப்போது அண்ணன் கண்ணால் பார்த்துவிட்டு வாக்கி-டாக்கியில் எண்ணைச் சொல்வான். நான் இழுப்பறை டோக்கனை மாட்டுவேன். கண்ணால் பார்த்த பிறகுதான். அது அப்பாவின் சட்டம்.

அக்டோபர் 2, வியாழன்

குருவிக்குப் படகு கிடைத்துவிட்டது! வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். கீச்சென்ற குரல், அதனால் குருவி. அவள் அப்பா பஸ் கண்டக்டர். ஜன்மத்தில் படகில் ஏறியதில்லையாம். டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. அப்பாவிடம் பயந்து பயந்து கேட்டேன்.

"யாரு, அந்தக் குண்டு கண்டக்டரா? அவருக்கு ரெண்டு டிக்கெட் போடணுமேடி" என்றார். ஆனால் கொடுத்தார்.

பதினேழாம் படகில் போடச் சொன்னதும் நான்தான். அதன் படகோட்டி நெட்டையண்ணன். துறையிலேயே மெதுவாகத் துடுப்புப் போடுகிறவர் அவர்தான். கேலி செய்தால், "அவசரமா போறவனுக்குத்தான் பஸ்ஸு இருக்கே" என்பார். குருவி தண்ணீருக்குப் பயப்படுவாள். அவருடைய படகென்றால் பயப்பட மாட்டாள் என்று நினைத்தேன்.

அக்டோபர் 4, சனி, மதியம்

காற்று இல்லை. புகை நகராமல் நிற்கும் என்று அப்பா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். தலை பின்னிக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 5

முடியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வாய் தானாகத் திறந்துவிடும் போல இருக்கிறது.

வேடிக்கை நன்றாகத்தான் நடந்தது. கடைசி வெடிக்குப் பிறகு ஏரியே காணவில்லை. அவ்வளவு புகை. படகுகள் ஒவ்வொன்றாகப் புகைக்குள்ளிருந்து மூக்கை நீட்டின. நான் வாங்கி வாங்கி மாட்டினேன். முப்பத்தொன்று. பதினேழு மட்டும் காலி.

வாக்கியில் அண்ணன். "என்னடி, விளக்கு எங்க? விரல் மரத்துப்போச்சு எனக்கு."

"பதினேழு வரலை."

"அது எதிர்க்கரையில கட்டியாச்சு. நான் பார்த்தேன். ஸ்பேரை மாட்டு."

"நிஜமா பார்த்தியா?"

"மண்டு, என் சிநேகிதனுங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு நிக்கறாங்க. மாட்டுன்னா மாட்டு. இல்லன்னா உன் பழைய நோட்டை உன் ஸ்கூல்லயே வந்து படிப்பேன்."

இழுப்பறையைத் திறந்தேன். பதினேழை எடுத்தேன். மாட்டினேன்.

அப்பா தூரத்திலிருந்தே பலகையைப் பார்த்தார். நிறைந்திருந்தது. "ஏத்து" என்றார். ஏற்றினேன்.

குருவி வீடு இந்தக் கரையில். துறையிலிருந்து ஐந்து நிமிட நடை. எதிர்க்கரையில் அவளுக்கு யாரும் கிடையாது. அவர்கள் எதற்கு அங்கே இறங்கவேண்டும்? இது எனக்குத் தெரியும். டோக்கனைக் கையில் எடுத்தபோதே தெரியும். அண்ணனுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மற்ற படகுகள் போகட்டும் என்று நெட்டையண்ணன் கயிற்றோரம் நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்யவேண்டும், அவர் ஒருத்தர்தான் செய்தார். பின்னால் வந்த மோட்டார் படகு ஒன்று புகையில் பார்க்காமல் உரசிக்கொண்டு போனது. கவிழ்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து, மிதவையை இழுத்துவந்த வெடிக்காரர்கள் சத்தம் கேட்டுப் போனார்கள். நெட்டையண்ணன் ஒரு கையால் கவிழ்ந்த படகையும் மறு கையால் குருவியையும் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

குருவியின் அப்பாவுக்கு ஜாக்கெட் பட்டை எட்டவில்லை. சும்மா தோளில் மாட்டியிருந்தார். நேற்றுக் காலைதான் கிடைத்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

அம்மா என்னைத் துக்க வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வரமாட்டேன் என்றேன். "போகலைன்னா என்ன நினைப்பாங்க?" என்றாள்.

குருவி அழவில்லை. என்னை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னாள். "நாங்க கத்தினோம்டி. ரெஸ்க்யூ போட் விளக்கு எங்க பக்கமாத்தான் வந்துச்சு. பெரிசாகிட்டே வந்துச்சு. அப்பா, 'வந்துட்டாங்க, வந்துட்டாங்க'ன்னாரு. அப்புறம் அப்படியே திரும்பிப் போயிடுச்சு."

என் கையை விடாமல் கேட்டாள். "உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே. அது ஏன் திரும்பிப் போச்சு?"

தெரியாது என்றேன்.

அக்டோபர் 8, புதன்

அண்ணனைப் படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். "எதிர்க்கரையில பார்த்தேன்னு சொன்னியே. எதைப் பார்த்தே?"

"பார்த்தேனா? அந்தப் புகையில என் மூக்கே எனக்குத் தெரியலை." ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே சொன்னான். பிறகு நிமிர்ந்தான். "மாட்டினது யாரு? நானா?"

அக்டோபர் 9, வியாழன்

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நெட்டையண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "டோக்கன் என் சட்டைப் பையில இருந்துச்சு, தண்ணில போயிடுச்சு. அப்புறம் பலகையில எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாராம். விசாரிக்கிற போலீஸ் அதிகாரியிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துடைத்து, என்னை எதிரில் உட்காரவைத்தார். அந்த இழுப்பறை டோக்கன் செட்டைப் பற்றி இனிமேல் யாரும் பேசக்கூடாது என்றார். அது இப்போது இழுப்பறையில் இல்லை.

"நல்லா கேட்டுக்கோ. நெட்டை கிளம்பறப்பவே டோக்கனை உன்கிட்ட குடுத்துட்டான். 'நான் வர லேட்டாகும் பாப்பா, எல்லாரும் வந்ததும் என்னோடதையும் மாட்டிடு'ன்னான். பெரியவர் சொல்றாரேன்னு நீ மாட்டிட்டே. இதுதான் நடந்துச்சு."

"அப்படி நடக்கலையேப்பா."

"நடந்துச்சு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "அவனுக்கு என்ன, ஆறு மாசம் உள்ள இருப்பான், வெளியே வந்து வேற ஏரியில துடுப்புப் போடுவான். உன் அண்ணனுக்கு இருபத்திரெண்டு வயசு."

எனக்குப் பதினைந்து. அதை யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

ஒத்திகை. அண்ணன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்தான். "சொல்லும்மா, படகோட்டி என்ன சொன்னார்?" நான் சொன்னேன். "கீழே பார்க்காதே. பொய் சொல்றவதான் கீழே பார்ப்பா." மறுபடி சொன்னேன். "இப்ப ரொம்ப நேரா பார்க்கறே. ஆந்தை மாதிரி." அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். ஏழாவது தடவை சொன்னபோது நெட்டையண்ணன் நிஜமாகவே என் கையில் டோக்கனைத் திணிக்கிற மாதிரி தெரிந்தது. ஈரமாகக்கூட இருந்தது.

பயமாக இருக்கிறது. சொல்லச் சொல்ல அதுவே ஞாபகமாகிவிடுமோ?

அக்டோபர் 13, திங்கள்

அம்மா பால் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைக் கோதினாள். ரொம்ப நாளாயிற்று அவள் இப்படிச் செய்து.

"ஒரே ஒரு வாக்கியம்டா. சொல்லிட்டு வந்து தூங்கிடு."

"அம்மா, நெட்டையண்ணன் பாவம்மா."

"பாவம்தான்" என்றாள் அம்மா. "யாரு இல்லைன்னா? பாலைக் குடி, ஆடை படியுது."

அக்டோபர் 14, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

துறை அலுவலகத்திலேயே வைத்து விசாரித்தார்கள். என் நாற்காலி, என் பலகைக்குக் கீழே. அதிகாரி நல்ல மனிதர். "பயப்படாதேம்மா, நடந்ததை மட்டும் சொல்லு" என்று எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கீழேயும் பார்க்கவில்லை, ஆந்தை மாதிரியும் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னேன். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

நெட்டையண்ணன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் மடக்க முடியாமல் தொங்கவிட்டிருந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "பாப்பா, நான் எப்ப குடுத்தேன்?"

கோபமே இல்லை. தானே மறந்துவிட்டோமோ என்கிற மாதிரி, நான் ஞாபகப்படுத்துவேன் என்கிற மாதிரி.

"கிளம்பறப்ப" என்றேன்.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். கம்பியைப் பிடித்து ஏறக் கை தூக்க வரவில்லை. ஒரு காவலர் பின்னாலிருந்து தள்ளினார். "துடுப்புப் போட மட்டும் கை வரும்போல" என்றான் அண்ணன். இரண்டு மூன்று படகோட்டிகள் சிரித்தார்கள். எல்லோருக்கும் நாளைக்குப் படகு வேண்டும்.

அக்டோபர் 15, புதன்

குருவி பள்ளிக்கு வந்துவிட்டாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் பார்க்க.

"நீ மட்டும்தான்டி உண்மையைச் சொன்னே. அம்மா உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அவள் தலைமயிர் என் வாயில் பட்டது. சோப்பு வாசனை. அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

இதை எழுதக் கூசுகிறது.

பள்ளி விடும் நேரத்தில் நெட்டையண்ணன் மனைவி கேட்டருகே நின்றாள். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள். அதற்குள் குருவி அவளைப் பார்த்துவிட்டாள். என் பையையும் தன் பையையும் என்னிடம் திணித்துவிட்டு நேராக அவளிடம் போனாள்.

"உன் புருஷன் செத்திருக்கணும். எங்க அப்பாவுக்குப் பதிலா அந்த ஆளு செத்திருக்கணும்."

அந்தக் கீச்சுக் குரலில். பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள்.

அவள் குருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்னைத் தூக்கிப் பிடிச்ச கை பாப்பா அது. சோத்தைக்கூட இத்தனை நாளா நான்தான் ஊட்ட வேண்டியிருந்துச்சு. அங்க யாரு ஊட்டுவாங்களோ" என்றாள்.

"பட்டினி கிடக்கட்டும்" என்று சொல்லித் துப்பினாள் குருவி. அவள் புடவையில் பட்டது.

குருவி ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாள். ஒரு தடவை ஜன்னலில் மாட்டிய தும்பியை விடுவிக்கக் கணக்குப் பரீட்சையில் பாதி நேரத்தை விட்டவள். அவளை இப்படி ஆக்கியது அண்ணன் இல்லை. அப்பாவும் இல்லை. என் ஒரு வாக்கியம்.

அந்தப் பெண்மணி புடவையைத் துடைக்கவில்லை. கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் இரண்டு பைகளையும் அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட—

தெரியவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் அதையே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு நன்றாகப் பாடமாகிவிட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று விளையாட்டு வகுப்பில், மைதானத்தின் ஓரத்தில், குருவி குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

"நீ ஒண்ணு கேட்டியே. அது ஏன் திரும்பிப் போச்சுன்னு."

அவள் விரல் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறை, ஸ்பேர் டோக்கன், அண்ணன் வாக்கியில் சொன்னது, அவள் வீடு இந்தக் கரை என்று எனக்குத் தெரிந்திருந்தது. நெட்டையண்ணன் எதையும் கொடுக்கவில்லை என்பது. எந்த வரிசையில் சொன்னேனோ, உளறினேனோ.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள். "பச்சை விளக்கை ஏத்தினது யாரு?"

"நான்."

ஷூ முடிச்சைப் போட்டு முடித்தாள். இரண்டு முடிச்சு. எழுந்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் மைதானத்தைப் பாதி தாண்டியிருந்தாள். வகுப்புக்குத் திரும்ப வரவில்லை. பை பெஞ்சிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டேன். "இன்னிக்குத்தான் ஒழுங்கா சாப்பிடறா" என்றாள் அம்மா. அண்ணன் அடுத்த வருஷத்துக்குப் புது மீட்புப் படகு வாங்கவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தான். இதில் விளக்கு சரியில்லையாம்.

ராத்திரி பத்தரை மணி. கீழே ஜாக்கெட் அறையில் இருக்கிறேன். வாசலில் ஜீப் நிற்கிற சத்தம்.

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அதிகாரி. அவருக்குப் பின்னால் குருவியின் அம்மா. பக்கத்தில் நெட்டையண்ணன் மனைவி. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், ஆனால் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். குருவி ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

அப்பா மேலேயிருந்து இறங்கி வாசல் கதவைத் திறந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பேசுகிறார்கள்.

"உங்க பொண்ணுகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"அவ அப்பவே தூங்கிட்டாளே சார். மேல இருக்கா. காலைல அனுப்பி வைக்கட்டுமா?"

கதவுக்கு அடியில் இந்த அறையின் வெளிச்சம் வாசல் நடைவரை விழும். அப்பா இருக்கிற இடத்துக்கு அது தெரியும். அணைத்துவிடு என்றுதான் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசுகிறார். மேலே தூங்கறா, மேலே தூங்கறா என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

ஸ்விட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கை நீட்டவே வேண்டாம், சாய்ந்தாலே போதும்.

சாயவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சு நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் இந்தப் பக்கம் திரும்புகிறது. ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர்.

தட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் தட்டமாட்டார்கள், தள்ளித் திறந்துகொண்டு வருவார்கள். இவர்கள் தட்டிவிட்டு, நான் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். திறக்கப்போகிறேன்.